ஆரஞ்சு கத்தோலிக்க விவிலியம்: ஒரு கற்பனை வேதத்தின் பிறப்பும் தோல்வியும்

ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலைத் தழுவி 2021-லும் 2024-லும் வெளிவந்த திரைப்படங்களைப் பார்த்துவிட்டு மூல நூலைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். படத்தில் மதம் என்றால் அது அராக்கிஸ் பாலைவனத்து ஃப்ரெமென் மக்களின் மதம்தான். மணற்புழுவும் தண்ணீரும் வரப்போகும் மீட்பரும் அதன் அடையாளங்கள். நூலிலோ கர்னி ஹாலெக் என்ற போர்வீரர் வாயைத் திறந்தாலே வேத வசனம் உதிர்கிறது. அரண்மனை மருத்துவர் இளவரசனுக்கு வேதப் புத்தகம் ஒன்றைப் பரிசளிக்கிறார். அந்த வேதத்துக்கு ‘ஆரஞ்சு கத்தோலிக்க விவிலியம்’ என்று விசித்திரமான ஒரு பெயரும் இருக்கிறது. இது கிறிஸ்தவ நூலா, ஆரஞ்சு எங்கிருந்து வந்தது, விண்கலங்கள் ஓடும் காலத்தில் இதற்கு என்ன வேலை என்ற கேள்விகளுக்குக் கதைப்போக்கில் விடை கிடைப்பதில்லை. நூலின் முடிவில் உள்ள ‘டியூனின் மதம்’ என்ற பின்னிணைப்பும் அதையடுத்து வரும் கலைச்சொல் அகராதியும்தான் விடை தருகின்றன. பலர் அந்தப் பக்கங்களைப் புரட்டாமலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கதையின் பூட்டுக்கு உரிய சாவி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பெயரில் உள்ள முரண்

தமிழில் ஆரஞ்சு என்றால் பழமும் நிறமும்தான் நினைவுக்கு வரும். அயர்லாந்தில் அந்தச் சொல்லுக்கு இரத்த வாடை உண்டு. 1690-இல் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸைத் தோற்கடித்த புராட்டஸ்டன்ட் மன்னர் மூன்றாம் வில்லியம், ‘ஆரஞ்சு’ அரச மரபைச் சேர்ந்தவர். அவர் நினைவாக 1795-இல் அயர்லாந்தின் ஆர்மா பகுதியில் உருவான புராட்டஸ்டன்ட் அமைப்பு ‘ஆரஞ்சு சங்கம்’ எனப்பட்டது. வட அயர்லாந்தில் அதன் ஊர்வலங்கள் இன்றும் கத்தோலிக்கர்களை உறுத்துபவை. அயர்லாந்துக் கொடியில் பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே வெள்ளைப் பட்டை இருப்பது இரு தரப்புக்கும் இடையிலான சமாதானத்தைக் குறிப்பதற்காகத்தான். ஆகவே ‘ஆரஞ்சு கத்தோலிக்கம்’ என்ற தொடர், அந்த வரலாறு தெரிந்த காதுக்கு, தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டன என்று சொல்வதைப் போல ஒலிக்கும். இந்தப் பெயருக்கு நாவல் விளக்கம் தரவில்லை; ஆயினும் இந்த வாசிப்பு இயல்பாகவே பொருந்துகிறது. ‘கத்தோலிக்க’ என்ற சொல்லின் கிரேக்க மூலம் ‘எல்லாவற்றையும் தழுவியது’ என்ற பொருளைத் தருவதையும் சேர்த்துக்கொண்டால், தீராப் பகையாளிகளையும் ஒரே அட்டைக்குள் அடக்க முயன்ற நூல் என்ற செய்தியைப் பெயரே சொல்லிவிடுகிறது.

கிறிஸ்தவத்தின் இரு கிளைகளோடு இந்தக் கலப்பு நிற்கவில்லை. ‘திரட்டப்பட்ட நூல்’ என்று அகராதி இதற்கு மறுபெயர் தருகிறது; மகாயானக் கிறிஸ்தவம், ஜென்சுன்னிக் கத்தோலிக்கம், புத்திஸ்லாமிய மரபுகள் என்று பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றைக் கலந்து ஆசிரியர் படைத்த கற்பனைச் சமயங்களின் கூறுகள் இதில் உள்ளன என்கிறது. எனவே இதைக் கிறிஸ்தவ வேதம் என்று தனியாக அழைக்க முடியாது. கிறிஸ்தவ விவிலியத்தின் பெயரையும் நடையையும் எலும்புக்கூடாகக் கொண்டு, பிற சமயங்களின் சதையைப் போர்த்திய நூல் என்று சொல்லலாம். உட்பிரிவுகளுக்கு ‘கலிமா’ என்ற இஸ்லாமியச் சொல் வழங்குவதும் இந்தக் கலப்பின் அடையாளமே.

அது பிறந்த சூழல்

நாவலின் கதை 10191-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இந்த ஆண்டுக்கணக்கு, விண்பயணத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருக்கும் ‘கில்டு’ என்ற வணிகக் கூட்டமைப்பு தோன்றிய நாளிலிருந்து எண்ணப்படுவது. வேதம் உருவான சூழலைப் புரிந்துகொள்ள, கதைக்கு வெகுகாலம் முந்தைய மூன்று நிகழ்வுகளை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. மனிதர்கள் பல கோள்களுக்குப் பரவியபோது படைப்பைப் பற்றிய பழைய கதைகள் ஆட்டம் கண்டன. பல்கிப் பெருகிப் பூமியை நிரப்புங்கள் என்று தொடக்கநூலில் கடவுள் சொல்வதை, ‘பேரண்டத்தை நிரப்புங்கள்’ என்று மாற்றிப் படிக்கத் தொடங்கினார்கள். மாறியது ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லில் பூமி என்ற மேடையே காணாமல் போய்விட்டது.

2. கில்டுக்கு முந்தைய 201-ஆம் ஆண்டு முதல் 108-ஆம் ஆண்டு வரை ‘பட்லரிய ஜிகாத்’ என்ற பெரும் கிளர்ச்சி நடந்தது. சிந்திக்கும் இயந்திரங்கள் அனைத்தும் அழிக்கப்பட்டன. ‘மனித மனத்தின் சாயலில் இயந்திரம் செய்யாதே’ என்ற கட்டளை அதிலிருந்து பிறந்து, பின்னர் வேதத்திலும் இடம் பிடித்தது. டியூன் உலகில் கணினியே இல்லாமல், மனிதர்களே கணக்கிடும் இயந்திரங்களாகப் பயிற்றுவிக்கப்படுவதன் காரணம் இதுதான்.

3. இரத்த வெள்ளம் வடிந்தபின் மதத் தலைவர்கள் தயங்கித் தயங்கிப் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். எல்லா மதங்களிலும் பொதுவாக ஒரு கட்டளையாவது இருக்கிறது என்பது அவர்களுக்குப் புலப்பட்டது: ‘ஆன்மாவைச் சிதைக்காதே’. இதுவே பின்னர் அந்த வேதத்தின் தலையாய கட்டளையாகக் கருதப்பட்டது.

மூன்றாவது நிகழ்வில் போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு செய்தியைத் தவறவிடக் கூடாது. இந்தச் சந்திப்புகளை ஊக்குவித்தவர்கள் இருவர்: போக்குவரத்தைக் கைப்பற்றிக்கொண்டிருந்த கில்டும், பெண்களின் இரகசிய அமைப்பான பெனெ கெஸ்ஸரிட்டும். இரண்டுக்குமே பக்தியில் நாட்டம் கிடையாது. சண்டையில்லாத சந்தை ஒருவருக்குத் தேவைப்பட்டது. கையாள எளிதான நம்பிக்கைகள் மற்றவருக்குத் தேவைப்பட்டன. வேதத்தைத் தொகுத்தவர்களின் எண்ணம் தூய்மையானதாகவே இருந்திருக்கலாம். மேடை போட்டுக் கொடுத்தவர்களின் கணக்கு வேறு.

ஆணையத்தின் ஏழு ஆண்டுகள்

அந்தச் சந்திப்புகளிலிருந்து உருவானதுதான் சமய ஒன்றிப்பு மொழிபெயர்ப்பாளர் ஆணையம். பழைய பூமியில், எச்சார்பும் இல்லாத ஒரு தீவில் அது கூடியது. பத்து இலட்சத்துக்கு மேல் பின்பற்றுவோரைக் கொண்ட ஒவ்வொரு மதத்துக்கும் அங்கே பிரதிநிதித்துவம் இருந்தது. மொத்தம் 121 பேர். எடுத்த எடுப்பிலேயே நோக்கத்தில் உடன்பட்டு, ஓர் அறிக்கையும் விட்டார்கள்: இறைவெளிப்பாடு எங்களுக்கு மட்டுமே உரியது என்று ஒவ்வொரு மதமும் கோருவதே சண்டைகளின் முதன்மை ஆயுதம்; அந்த ஆயுதத்தைப் பறிக்கவே கூடியிருக்கிறோம் என்பது அதன் சாரம்.

அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பாடகர்கள் அவர்களைக் கிழட்டுக் கிறுக்கர்கள் என்று கேலிப்பாட்டுக் கட்டினார்கள். நூல்களை ஒப்பிடுகிறார்கள், வெட்டுகிறார்கள் என்று வதந்திகள் கசிந்தபோது கலவரம் மூண்டது. ஒன்பது பேர் இறந்து, அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தபின், ஒரே நூலை உருவாக்கிவருவதாகவும் கடந்தகால மதங்களின் நோய்க்கூறுகளை அதிலிருந்து களைந்துவருவதாகவும் ஆணையம் அறிவித்தது. வன்முறை உச்சத்தைத் தொட்டது இந்த அறிவிப்புக்குப் பிறகுதான். இருபது பிரதிநிதிகளை அவரவர் சபைகளே திருப்பி அழைத்துக்கொண்டன. அவர்களில் ஒருவர் விண்கலம் ஒன்றைத் திருடிச் சூரியனுக்குள் செலுத்தி உயிரை மாய்த்துக்கொண்டார்.

கலவரத்தில் இறந்தவர்கள் 8 கோடி பேர் என்று மதிப்பிடும் பின்னிணைப்பு, உடனே ஒரு வகுத்தல் கணக்கும் போடுகிறது: உலகம் ஒன்றுக்குச் சுமார் ஆறாயிரம் பேர். அதாவது பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உலகங்களில் அந்தச் சாவுகளைப் பரப்பிப் பார்த்து, அன்றைய நிலைமைக்கு இது மிகையான மதிப்பீடு இல்லை என்று சொல்லிவிட்டு நகர்கிறது. வரலாற்றாசிரியரின் இந்த மரத்துப்போன குரல்தான் பின்னிணைப்பின் மிகச் சிறந்த பகுதி என்பேன். அத்தனை பெரிய வெளியில் கோடிச் சாவுகளும் சராசரியாகக் கரைந்துபோகும் என்பதை ஆசிரியர் விளக்கவில்லை. கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

ஏழாண்டு உழைப்புக்குப் பின் வேதம் வெளிவந்தது. வழிபாட்டுக் கையேடும் விளக்கவுரையும் உடன் வந்தன. முதல் எதிர்வினை வசையாகத்தான் இருந்தது: தர்க்கத்தின் மீது மயக்கும் ஆர்வம் கொண்ட நூல் என்றார்கள். பிறகு அவரவர் சார்புக்கு ஏற்பத் திருத்திய பதிப்புகள் கிளம்பின. சிலுவை, பிறை, பன்னிரு புனிதர்கள், மெலிந்த புத்தர் என்று பழைய சின்னங்கள் எல்லாம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தன. கடைசிவரை பின்வாங்காத பிரதிநிதிகள் பதினான்கு பேர் மட்டுமே. அவர்களில் ஒருவரும் ஆணையத்தின் தலைவருமான டூரே பொமோக்கோ, புதிய சின்னங்களை உருவாக்க முயன்றிருக்கக் கூடாது, ஏற்றுக்கொள்ளப்பட்ட நம்பிக்கைக்குள் ஐயத்தை நுழைத்திருக்கக் கூடாது என்று இறுதியில் ஒப்புக்கொண்டார். பிற்காலம் அந்தப் பதினான்கு பேரையே ஞானிகளாக்கி, அவர்கள் பெயரில் ஒரு மதப்பிரிவையும் வைத்துக்கொண்டது.

உள்ளே இருப்பது என்ன

இந்த வேதத்தின் முழுப் பாடம் எங்கும் கிடையாது. பாத்திரங்களின் வாயிலிருந்து விழும் துணுக்குகள்தான் கிடைக்கின்றன. அவற்றில் சில கற்பனை வரிகளே இல்லை. கடல்களின் வளத்தையும் மணலுக்குள் மறைந்த செல்வத்தையும் உறிஞ்சுவார்கள் என்று கர்னி சொல்வது, உண்மையான விவிலியத்தின் உபாகமம் 33-ஆம் அதிகாரத்து 19-ஆம் வசனம். பாலைவனத்துக் காட்டுக் கழுதையைப் போல வேலைக்குப் புறப்படுவதாக அவர் சொல்வது யோபு நூலின் 24-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துத் தன்மை இடத்துக்கு மாற்றியது. மூல விவிலியத்தில் ஓர் உருவகமாக நின்ற மணல், அராக்கிஸில் எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிடுகிறது. அங்கே மணலுக்குள்தான் பேரரசையே இயக்கும் நறுமணப் பொருள் கிடக்கிறது. பழைய வரி புதிய மண்ணில் விழுந்து வேறு பொருள் கொள்வதைக் காட்ட இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

பின்னிணைப்பில் வரும் சமயப் பட்டியலில் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய பெயர் ஒன்றும் உண்டு: ‘மகாயான லங்காவதாரத்தின் கலவை நூல்கள்’. லங்காவதார சூத்திரம் உண்மையில் உள்ள மகாயான பௌத்த நூல். இலங்கையில், இராவணனின் அழைப்பின் பேரில் புத்தர் உபதேசிப்பதாக அது தொடங்குகிறது. கம்பனின் இராவணனை மட்டும் அறிந்தவருக்கு, அரக்கர் கோன் அங்கே தத்துவக் கேள்வி கேட்கும் மாணவனாக அமர்ந்திருப்பது வியப்பளிக்கும். அந்த இராவணனின் நூல் எதிர்காலக் கோள்களில் பிழைத்திருப்பதாக ஒரு அமெரிக்கர் எழுதியிருக்கிறார்.

1965-இல் இதை எழுதத் தூண்டிய காற்று

பத்திரிகைத் தொடராக 1963-இன் இறுதியில் தொடங்கிய டியூன், 1965 ஆகஸ்டில் நூலாக வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 அக்டோபரில் தொடங்கி 1965 டிசம்பரில் முடிந்தது. பிரிந்த சபைகளோடு சேர்ந்து விவிலியத்தை மொழிபெயர்க்கலாம் என்று அச்சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு அனுமதித்தது 1965 நவம்பர் 18-இல். நாவல் வெளிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஆணையம் ஒன்று மதங்களை இணைக்கும் என்ற எண்ணம் அன்று செய்தித்தாளில் படிக்கும் விஷயம். விண்வெளிக் கற்பனையாக இருக்கத் தேவையே இல்லை.

சபைகளை இணைக்கும் முயற்சி இங்கே அந்த அனுமதிக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1947 செப்டம்பர் 27-இல் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. வத்திக்கான் தந்த அனுமதியின் கனி தமிழிலும் விளைந்தது: 1995-இல் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் அறிஞர்கள் சேர்ந்து உழைத்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தெளிவான நடையும் உரிய புலமையும் கொண்ட நூல் அது. இருந்தும் என்ன நடந்தது என்பதை ஒரு வரியில் காணலாம். 23-ஆம் சங்கீதத்தின் தொடக்கம் பழைய பதிப்பில், ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’. பொது மொழிபெயர்ப்பில், ‘ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை’. பொருளில் ஒரு வேறுபாடும் இல்லை. ஆனால் ஞாயிறு பள்ளியில் முதல் வரியை மனப்பாடம் செய்து, தாயின் அடக்க ஆராதனையிலும் அதையே கேட்ட ஒருவருக்கு இரண்டாவது வரி செய்தியாக மட்டுமே கேட்கும். பொது நூல் கத்தோலிக்கரிடம் நிலைபெற்றது. புராட்டஸ்டன்ட் சபைகளில் பழைய பதிப்பே பெரும்பாலும் பிரசங்க மேடையில் இருக்கிறது. ஒரு தரப்புக்கு அது விவிலியம், மறு தரப்புக்கு வேதாகமம். நல்லவேளையாக, யாரும் யாரையும் அடித்துக்கொள்ளவில்லை.

இன்னும் பழைய சான்றும் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் டேஷியன் என்ற சிரியர் நான்கு நற்செய்திகளையும் ஒரே கதையாகப் பின்னினார். ‘தியாத்தெசரோன்’ எனப்பட்ட அந்த நூல் சிரிய மொழிச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் சைரஸ் நகர ஆயர் தியோடொரெட், இருநூறுக்கும் மேற்பட்ட படிகளைத் திரட்டி அகற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் தனித்தனி நற்செய்திகளை வைத்தார். இங்கே வேரூன்றியிருந்தது கலவை நூல். அதைப் பிடுங்குவதற்கும் அதிகாரம் வேண்டியிருந்தது.

தோல்வியின் தர்க்கம்

ஆணையத்தின் வேதம் ஏன் அமைதியைத் தரவில்லை என்பதற்கு நாவல் நேரடியாகப் பட்டியல் போடவில்லை. கிடைக்கும் செய்திகளைக் கோத்தால் காரணங்கள் இப்படி அமைகின்றன.

1. ஆணையம் மதத்தை ஆவணமாகக் கண்டது. ஆவணங்களில் முரண் இருந்தால் ஒப்பிட்டு நீக்கலாம். மக்களுக்கோ மதம் என்பது சடங்கு, ஓசை, பாட்டனின் சமாதி. ஒப்பிடுகிறார்கள் என்ற வதந்தியே கலவரத்துக்குப் போதுமானதாக இருந்தது இதனால்தான்.

2. ‘நோய்க்கூறுகளைக் களைகிறோம்’ என்று அறிவித்தவுடன், என் நம்பிக்கையில் நோய் எது என்று தீர்மானிக்க நீ யார் என்ற கேள்வி எழுந்துவிட்டது. ஒற்றை வெளிப்பாடு என்ற உரிமையைப் பறிக்க வந்தவர்கள், தங்களை அறியாமலே அந்த உரிமையைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

3. ஆயினும் நூல் அழியவில்லை. ஆள்பவர்களுக்கு அது வசதியாக இருந்தது. மதம் என்பது குடிமக்களை அடங்கியிருக்கச் செய்யும் பொம்மலாட்டம் என்று கருதிய ஆளும் வர்க்கத்தைப் பின்னிணைப்பே தனியாகக் குறிப்பிடுகிறது. வேதம் மேற்கோளாக, மரியாதைப் பொருளாக, பரிசுப் பொருளாக நிலைத்தது.

4. மேற்கோளாக மட்டும் வாழும் வேதம் யாருடைய தாகத்தையும் தணிக்காது. தாகம் மிகுந்த இடங்களில், குறிப்பாக ஃப்ரெமென் மக்களிடம், பெனெ கெஸ்ஸரிட் தன் தேவைக்காக மீட்பர் கதைகளை முன்கூட்டியே விதைத்து வைத்திருந்தது. நாவலின் நாயகனான இளவரசன் பால் அட்ரெய்டிஸ் பாலைவனத்துக்குள் நுழையும்போது அவனுக்காக ஒரு தீர்க்கதரிசனம் காத்துக்கொண்டிருந்தது இப்படித்தான்.

நான்காவது காரணத்தின் விளைவை 1969-இல் வந்த அடுத்த நாவலில், பேரரசனாகிவிட்ட பாலே தன் வாயால் கணக்கிடுகிறான்: குறைத்துச் சொன்னாலும் அவன் பெயரால் கொல்லப்பட்டவர்கள் 6,100 கோடி, துடைத்தெறியப்பட்டவர்கள் நாற்பது மதங்களைப் பின்பற்றியவர்கள். பத்து இலட்சம் பேர் இருந்தாலே இருக்கை உண்டு என்று எல்லா மதங்களையும் ஒரு தீவில் உட்கார வைத்த ஆணையத்தின் கதையை இந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும். திரைப்படங்கள் ஆணையத்தின் கதையைக் கையாளாததால் பாலின் எழுச்சி பாலைவன மக்களின் மூடநம்பிக்கையால் விளைந்ததுபோல் தோன்றுகிறது. நாவலின்படி அதன் ஒரு வேர், நன்கு படித்த 121 பேர் நல்லெண்ணத்தோடு செய்த வேலையில் இருக்கிறது.

பெருவிரல் அளவு வேதம்

யூயே என்ற மருத்துவர் பாலுக்குத் தரும் படி விண்பயணிகளுக்காகச் செய்யப்பட்டது. மிகச் சிறியது; ஆனால் 1,800 பக்கங்கள். மெல்லிய இழைத்தாளில் அச்சிட்டு, படிக்க உருப்பெருக்கியும் பக்கம் புரட்ட மின்னேற்ற அமைப்பும் அதிலேயே பொருத்தியிருக்கிறார்கள். 1965-இல் இது கற்பனை. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14-இன் ‘அன்டாரிஸ்’ இறங்குகலத்தில் எட்கர் மிச்செல் நூறு விவிலியங்களை நிலவுக்கு எடுத்துச் சென்றார். ஒவ்வொன்றும் விரல்களுக்கு இடையில் பிடிக்கக்கூடிய ஒரு நுண்படத் துண்டு, அதற்குள் 1,245 பக்கங்கள். யாரும் அங்கே அவற்றைப் படிக்கவில்லை; படிக்க நுண்ணோக்கி வேண்டும்.

யூயே பாலிடம் 467-ஆம் கலிமாவைப் படிக்கச் சொல்கிறார். எல்லா உயிரும் தண்ணீரிலிருந்தே தோன்றுகிறது என்ற வரி உள்ள இடம் அது, அட்டை விளிம்பில் சிறு வெட்டுக்குறி இருக்கும் என்கிறார். பாலின் விரலுக்கு இரண்டு குறிகள் தட்டுப்படுகின்றன. ஆழம் குறைந்ததை அழுத்துகிறான். நூல் வேறொரு பக்கத்தில் திறக்கிறது. காது கேளாமையைப் பற்றிய ஒரு பகுதியை அவன் உரக்கப் படிக்கத் தொடங்க, மருத்துவர் நிறுத்து என்று கத்திவிடுகிறார். அது தன் மனைவிக்குப் பிடித்த பகுதி என்று பிறகு தடுமாறிச் சொல்கிறார். அந்த மனைவி எதிரிகளிடம் சிக்கியவள்; அவளுக்காகத்தான் அவர் அந்த வீட்டையே காட்டிக்கொடுக்கப் போகிறார். ஏழாண்டு உழைத்துத் தொகுத்த வேதத்தின் ஒரு வரி ஒரு மனிதனை உலுக்குவதை நாவலில் நாம் அருகிருந்து பார்ப்பது இங்கேதான். அதுவும் ஆழம் குறைந்த ஒரு வெட்டுக்குறியின் வழியாக.